எர்லீன் அக்காவின் பெக்கான் கட்டை

எங்கள் ஊரில் வாத்து சுடப் போகாத ஆண்பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒழுங்காகச் சுடத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கையே போதும். இந்தக் கூட்டத்தின் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு பதினாறு வருஷமாக மாரடிப்பவர் எர்லீன் ட்ரஹான். நெல் உலர்த்தும் ஆலையின் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் பேரிங்கும் செயினும் மாற்றியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுக் கொட்டகையில் மேசையைப் போட்டுத் துப்பாக்கி பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டார். பாதிரியார் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

வலசை வரும் வாத்தைச் சுட வேண்டுமென்றால் துப்பாக்கிக்குள் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. தோட்டாவை அடுக்கும் மேகசின் குழாயில் இரண்டு, சுடும் அறையில் ஒன்று. குழாயோ அதைவிட நீளம். அதனால் உள்ளே ஒரு கட்டையைச் செருகி இடத்தை அடைக்க வேண்டும். மற்றவர்கள் பிளாஸ்டிக்கைத் திணிப்பார்கள். அக்கா பெக்கான் மரத்தைச் சீவி, உப்புத்தாள் போட்டு, நுனியில் சொந்தக்காரரின் முதலெழுத்தைச் செதுக்கிக் கொடுப்பார். அதை வாங்கிப் பார்த்தால் துப்பாக்கியை விட அது அழகாக இருக்கும்.

குழாயை நீட்டித் தரச் சொல்லி வருபவர்களும் உண்டு. "மூணு பத்தல அக்கா" என்று ஒருவன் அழுதபோது நானும் அங்கே இருந்தேன்.

"உன் குறிக்கு முப்பது குடுத்தாலும் பத்தாது. பிப்ரவரில வா, பனிவாத்துக்குக் கட்டைய எடுத்துத் தரேன்" என்றார்.

பனிவாத்து அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதால் குளிர்காலக் கடைசியில் அதற்கு மட்டும் விதி தளரும். எல்லோரும் கட்டையை உருவிவிடுவார்கள். செப்டம்பரில் சின்ன வாத்துகள் வந்து இறங்கும்போது திரும்பச் செருக மறந்து, வருஷத்துக்கு இரண்டு பேராவது அதிகாரியிடம் மாட்டுவார்கள். வெட்கங்கெட்ட ஊர், வருஷா வருஷம் அதே தப்பு.

அந்த வருஷம் மாட்டியவன் நோலன் டுஹான். பெர்சி என்பவரின் வேட்டை முகாமில் வழிகாட்டியாகப் பிழைப்பவன். வேட்டை தொடங்கிய முதல் நாள் காலையிலேயே வனத்துறை அதிகாரி ஸ்டெல்லி அவன் துப்பாக்கியை வாங்கிக் குழாயில் தோட்டாக்களைத் தள்ளினார். மூன்றாவது போனது. நாலாவதும் போனது.

"ஆகஸ்ட்ல அக்காகிட்டதான் சுத்தம் பண்ணக் குடுத்தேன். கட்டை உள்ளதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான் நோலன்.

கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் இது போய்ச் சேர்ந்தது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் மேசைலேர்ந்து கட்டை இல்லாம ஒரு துப்பாக்கி போனதில்ல. கட்டையோட வந்தா கட்டையோடதான் போகும்" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

அவ்வளவுதான், நோலன் பொய்யன் ஆகிவிட்டான். அக்கா சொன்னால் ஊரில் மறுபேச்சு ஏது? நானும் நம்பினேன், அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வேண்டுமென்றே கட்டையை உருவினான் என்று கோர்ட்டில் முடிவானால் முகாம் பக்கமே வராதே என்று பெர்சி சொல்லிவிட்டார்.

வழக்குக்கு மூன்று நாள் இருந்தபோது அக்கா தன் பழைய வேலை ஏப்ரனைத் துவைக்க எடுத்தார். பைக்குள் விரல் நீளத்துக்கு ஏதோ தட்டுப்பட்டது. பெக்கான் கட்டை. நுனியில் நோலனின் எழுத்து. ஆகஸ்டில் அதை வெளியே எடுத்த நேரம் பார்த்து பழைய ஆலையில் பெல்ட் அறுந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று போன் வந்ததும், பையில் போட்டுக்கொண்டு ஓடியதும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

அதை அடுப்பில் போட்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். கட்டை எரிந்திருக்கும், பதினாறு வருஷம் சம்பாதித்த பேர் தப்பித்திருக்கும்.

கோர்ட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. நோலனின் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா எழுந்துபோய்க் கட்டையை நீதிபதியின் மேசைமேல் வைத்தார்.

"தப்பு என்னுதுங்க ஐயா. நான்தான் திரும்பப் போடல. போதாக்குறைக்கு, போட்டேன்னு கடையில எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதுவும் பொய்யாப் போச்சு. அதான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

துப்பாக்கியைப் பிடித்தவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அபராதம் அபராதம்தான் என்றார் நீதிபதி. ஆனால் இதில் கள்ளத்தனம் இல்லை என்றும் சொன்னார். பெர்சிக்கு அது போதும். வாசலிலேயே நோலனின் தோளைத் தட்டி, சனிக்கிழமை வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

மறுநாள் நோலன் துப்பாக்கியோடு கொட்டகைக்கு வந்தான். அக்கா அதே கட்டையைச் செருகி, மூடியைத் திருகி, மருந்தில்லாத மூன்று தோட்டாவை அவன் முன்னால் வைத்தார்.

"தள்ளிப் பாரு."

"எதுக்குக்கா? உங்க மேல நம்பிக்கை இருக்கு."

"அந்த நம்பிக்கைதான்டா உன்ன கோர்ட்டுல நிறுத்துச்சு. தள்ளு."

ஒன்று போனது. இரண்டு போனது. மூன்றாவதை அவன் கட்டைவிரல் வெளுக்கும் வரை அழுத்தினான். அது போகவில்லை.

"இப்ப எடுத்துட்டுப் போ" என்றார் அக்கா.