சிவப்புச் சட்டை நெட்டையன்

"இந்தப் பந்தப் பாத்து நான் ஏன் சிரிக்கிறேன்னு உனக்கு இன்னாத்துக்குடி?" என்று பேத்தியைத் திட்டினேன். ஆனால் அவளுடைய புதுக் கூடைப்பந்தின் ரப்பர் வாசம், சின்ன வயதில் அம்மாவோடு மீன் விற்கப் போன, எப்போதோ இடித்துவிட்ட ஆபீசர் குவார்ட்டர்ஸ் ஜன்னலடிக்கு என்னை இழுத்துப்போய்விட்டது. காலையில் அங்கே அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, உள்ளே டிவியில் அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்கள், சிவப்புச் சட்டை போட்டவர்கள், அந்த வருஷம் ஜெயித்துக்கொண்டே போனதைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தும் அவர்களில் ஒரு நெட்டையன் எகிறுகிற அழகைத்தான் பேசுவாள். அப்பாவுக்கு வயிறெரியும்.

"அடியில்லாத வலையில இன்னாத்த புடிக்கிறானாம் அவன்?"

கோப்பைக்கான கடைசி ஆட்டத்தன்று, அவன் தோற்பதைப் பார்ப்பதற்காகவே அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் எங்களோடு அந்த ஜன்னலடிக்கு வந்தார். நெட்டையன் ஜெயித்து, பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து அழுதான். அப்பாவும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அன்றைக்கு அம்மா பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பொருமித் தீர்த்தாள்: "நான் மூணு புள்ள பெத்தேன், இந்தாளு கண்ணுல ஒரு சொட்டு வந்துச்சா? எவனோ நெட்டையனுக்கு அழுதுகினு கீறாரு!"