லரூவின் பின்னல்

லரூ என் மூத்த சக்களத்தி. ஆண்கள் பல பெண்களைக் கட்டும் எங்கள் சபையில் பெண்கள் முடி வெட்டக் கூடாது. பரலோகத்தில் புருஷன் பாதத்தை அந்த முடியால்தான் துடைக்க வேண்டுமாம். அதுவரை காத்திருக்க முடியாத எங்கள் புருஷன் ஆர்வல், கோபம் வந்தால் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றுவான்.

லரூவின் பதினைந்து வயது மகளைச் சபையின் கிழட்டுத் தீர்க்கதரிசிக்குக் கட்டிவைக்கக் கர்த்தர் சொன்னாராம். லரூ மறுத்தாள். ஆர்வல் பின்னலைப் பிடித்தான்.

அவள் கையில் கோழி நறுக்கும் கத்தரி இருந்தது. நறுக்கென்று ஒரு வெட்டு. ஆர்வல் பின்னலோடு மாவுத் தொட்டியில் மல்லாந்தான்.

"வச்சுக்கய்யா. பரலோகத்துல நீயே தொடச்சுக்க!"

மகளை வேனில் ஏற்றிவிட்டு என்னைக் கேட்டாள்: "நீ வர்றியாடி?"

"அந்தக் கத்தரிய இப்படிக் குடுங்கக்கா" என்றேன்.