எட்டரை மணிக்குச் சூரியனை அணைக்கும் ராஜா

தீமை மட்டுமே ஆளும் ஓர் உலகத்தை உண்டாக்குவது அப்படி ஒன்றும் பெரிய வேலையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது என் அறைத்தோழர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் உலகத்தைக் கற்பனை செய்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, 'கதவைத் திறக்கிறேன்', 'பூதத்தை வெட்டுகிறேன்' என்று வாயாலேயே அதில் வாழ வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். இருபது விழுந்தால் எதிரே எமன் நின்றாலும் காலி. ஒன்று விழுந்தால் நம் வாளே நம் காலைப் பதம் பார்த்துவிடும்.

லாக்டவுனில் லேப்டாப்போடு வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தே நடந்தது, ஆட்டம்தான் நடக்கவில்லை. அலைந்து திரிந்து மூன்று பேரைப் பிடித்தேன். பாகூரில் வாழ்க்கைப்பட்டு, ஞாயிறு ஆனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடும் என் தங்கச்சி ஒருத்தி. மதகடிப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன். அரியூர்ப் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் நண்பன் இன்னொருவன். மாதா கோயிலில் பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்காருவோம்.

முதல் ஞாயிறு நான் கொண்டுவந்த உலகத்தில் மண்டையோட்டு மலை இருந்தது, ரத்த ஆறு ஓடியது, வானத்தில் சூரியன் இல்லை. சூரியனை அணைத்தவன் ஒரு கொடிய ராஜா. அவனுக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு செந்தமிழ்ப் பெயர். குரலைத் தாழ்த்தி, நடுநடுவே நிறுத்தி, நானே பயந்துபோகும்படி வர்ணித்தேன்.

"ரத்தம் கொஞ்ச நேரத்துல கட்டிக்கும்டா. ஆறு எப்படி ஓடும்?" என்றான் லேப் நண்பன்.

"கொசு வரும்" என்றாள் தங்கச்சி.

"சூரியனே இல்லன்னா துணி எங்க காயும்? அத வுடு, அவன் எதுக்குடா சூரியன அணைச்சான்?" என்றான் செல்போன் கடைக்காரன்.

"கெட்டவன்டா. கெட்டவன்னா அப்படித்தான் செய்வான்" என்றேன். எரிச்சலில் எனக்குக் குரல் கீச்சிட்டது. அதோடு என் பயங்கரம் எல்லாம் போயிற்று. ராஜாவின் பெயரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரத்தில் அவனுக்குப் 'பெருசு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெருசின் கோட்டைக்குள் சுண்டல் தின்றபடி நடந்தார்கள். இப்படியே போனால் தீபாவளிக்கு அவனிடம் துணிமணி கேட்பார்கள் போலிருந்தது.

என்னைக் காப்பாற்றியது ஓர் இருமல். அன்றைக்கு ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது வாசல் கேட் பக்கம் அப்பா இருமினார். உடனே லேப் நண்பன் சோபா மேல் போட்டிருந்த காலை இறக்கினான். செல்போன் கடைக்காரன் பகடையை மடிக்குள் மறைத்தான். தங்கச்சி, கல்யாணமாகி ஆறு வருஷமானவள், பக்கத்தில் கிடந்த பழைய காலண்டரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். அப்பா எங்களைப் பார்க்கவே இல்லை, நேராகக் கொல்லைக்குப் போய்விட்டார். எங்கள் நான்கு பேருக்கும் மூச்சு திரும்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. மண்டையோட்டு மலை செய்ய முடியாததை ஓர் இருமல் செய்துவிட்டதே என்று எனக்குப் பொறி தட்டியது.

அப்பா ஒரு நூல் மில்லில் மெஷினில் நின்று, பிறகு மேஸ்திரியாகி, ஓய்வு பெற்றவர். வீட்டையும் மில்லாகவே நடத்தினார். இரவு எட்டரை மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கு லைனின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். பரீட்சை, பண்டிகை எதற்கும் விதிவிலக்கில்லை. கிறிஸ்துமஸ் ஸ்டார் கூட எங்கள் வீட்டில் எட்டரைக்கு அணைந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தங்கச்சி தெருவிளக்கில் படித்தாள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கோபம் வந்தால் அப்பா அடிக்கமாட்டார், திட்டமாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்க, அம்மாவைக் கூப்பிட்டு, "அவனச் சாப்பிடச் சொல்லு" என்பார்.

அடுத்த ஞாயிறு முதல் என் உலகம் ஜெகஜோதியாக இருண்டது. கோட்டையின் நீண்ட தாழ்வாரம். எங்கோ ஓர் இருமல் சத்தம். "நாங்க ஒளிஞ்சிக்கிறோம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பெருசு யாரோடும் நேராகப் பேசமாட்டான், எதிரே நிற்பவனிடம் கூடக் கட்டியக்காரன் வழியாகத்தான் பேசுவான் என்றேன். லேப் நண்பன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சூரியனை இயக்கும் ஃப்யூஸ் கட்டையைப் பெருசு பிடுங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான், அதை எடுத்தால்தான் உலகம் விடியும் என்றேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ண்ணா, இது..."

"கற்பனை. முழுக்கக் கற்பனை."

"நான் அவனக் கொல்லாம இந்த ஆட்டத்த வுடமாட்டேன்" என்றாள்.

ஒரு நாள் சூடு பிடித்து வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெருசின் இடது கை ஆள்காட்டி விரலில் பாதிதான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். அந்த அரை விரலை அவன் நீட்டினால் யாரைக் காட்டுகிறான் என்றே தெரியாது, அதனால் அவையிலுள்ள அத்தனை பேரும் நடுங்க வேண்டும் என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்கு அந்த விரல் அரைதான். மில்லில் போனது என்று தெரியும். எப்படிப் போனது என்று நாங்கள் கேட்டதில்லை. அவரிடம் யார் போய்க் கேட்பது?

அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பேப்பர் சரசரத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். அப்பா தன் வயர் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் காலைப் பேப்பர். காலையில் அவர் விரித்து வைத்திருந்த அதே பக்கம்.

அதற்கடுத்த ஞாயிறு அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"எத்தன ஷிப்டுன்னு கேக்கறாரு."

"எந்த ஷிப்டு?"

"உங்க ராஜா கோட்டைல. காவலுக்கு."

டீயைக் கீழே வைத்தேன். "ஒரே ஷிப்டுதான்" என்றேன். அம்மா வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ஒரே ஷிப்டுன்னா நடுவுல எவன் வோணா உள்ள பூந்துடுவானாம். மூணு போடச் சொல்றாரு. மாத்த ஆளு வராம ஒருத்தனும் எடத்த வுட்டு நகரக் கூடாதாம்."

"டேய், பெருசுக்குப் பெருசே ஐடியா குடுக்குதுடா" என்று லேப் நண்பன் என் காதைக் கடித்தான். தங்கச்சி கொதித்துப் போனாள். காவலாளிகள் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கோட்டைக்குள் நுழைவதுதான் அவள் திட்டம். மூன்று ஷிப்டு வந்ததும் அது மண்ணோடு மண்ணாயிற்று. அதன் பிறகு வாரம் ஒரு யோசனை வந்தது. சமையல்கட்டுக்குத் தனிப்பூட்டு. பூதங்களுக்கு வருகைப் பதிவு. லேட்டாக வரும் பூதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவது. அப்பாவின் புண்ணியத்தில் என் தீய சாம்ராஜ்யம் உள்ளே ஓர் எறும்பு நுழைய முடியாத அளவுக்கு ஒழுங்காக நடந்தது.

எனக்கோ ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காது ஜன்னல் பக்கமே இருந்தது. அந்த ராஜா தான்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? ஃப்யூஸைக் கேட்டும் தெரியவில்லையா? அரை விரலைக் கேட்டுமா? கோபப்பட்டால் பரவாயில்லை, ஒரு வாரம் அம்மா வழியாகச் சாப்பிடச் சொல்வார், அது எனக்குப் பழக்கம். அவர் மனசு நொந்தால் என்ன செய்வார் என்றுதான் எனக்குத் தெரியாது. அதை நான் பார்த்ததே இல்லை. மில்லை விட்டு வந்த பிறகு அவர் அதிகாரத்தில் மிச்சமிருந்தது அம்மா, நான், அந்த ஃப்யூஸ் கட்டை. அதையும் எடுத்து ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. நிறுத்திவிடலாம் என்றால் தங்கச்சி விடவில்லை. அவள் பெருசின் படுக்கையறை வாசல் வரை வந்துவிட்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அறைக்குள் பெருசு தூங்குகிறான். தங்கச்சி வாளை ஓங்கினாள். பகடையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து ஊதி, பாயில் உருட்டினாள். இருபது.

"செத்தான்!" என்று மூன்று பேரும் குதித்தார்கள். தங்கச்சி எழுந்து நின்று கைதட்டினாள். நான் விடியலை வர்ணிக்க வாயைத் திறந்தேன்.

"அவ்ளோதானா?"

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா. அம்மாவிடம் கேட்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ம்" என்றேன்.

"செத்துட்டான். ஒருத்தரும் அழலியா?"

மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் சாத்தானை நரகத்தில் தள்ளினார்கள் என்று படித்தவன் நான். சாத்தானுக்கு யார் அழுதார்கள்? செல்போன் கடைக்காரன்தான் தலையை ஆட்டினான். "அப்பா சொல்றது கரெக்டுடா. எங்க ஊர்ல தீமிதி அன்னிக்குப் பாரதக் கூத்துப் படுகளத்துல தோத்த ராஜாவ மண்ணுல செஞ்சி, மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. அவன் கெட்டவன்னு ஊருக்கே தெரியும். ஆனா வுழுந்ததும் எங்கம்மால்லாம் மாரடிச்சி அழுவாங்க. முடிஞ்சதும் அந்த மண்ண ஒரு புடி எடுத்தாந்து நெல்லு மூட்டைல வெப்போம். ஒரு ராஜா செத்தா அழாம வுடக் கூடாதுடா."

சொன்னவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மார்பில் கையை வைத்து, தொண்டையைச் செருமினான். பிறகு கையை இறக்கினான்.

"இன்னான்னு சொல்லி அழறது? அங்கன்னா, கூடப் பொறந்தவங்கள வளத்தான், கூட்டாளிய வுட்டுக் குடுக்கலன்னு சொல்லி அழுவாங்க. இவன் இன்னாடா செஞ்சான்? சூரியன எதுக்கு அணைச்சான்? அதயாவது சொல்லேன்."

கோட்டைக்கு எத்தனை படி என்று யோசித்து வைத்திருந்தேன். அவன் ஏன் அணைத்தான் என்று மட்டும் யோசித்ததே இல்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"மொத ஷிப்டா இருந்திருப்பான்" என்றார் அப்பா.

அவர் பேப்பரை நான்காக மடித்துக்கொண்டே சொன்னார். "நாலு மணிக்கு எழுந்து சைக்கிள் மிதிக்கணும். லைட்டு எரிஞ்சா தூக்கம் வராது. ஒரு நாளு தூங்காமப் போயி மெஷின்கிட்ட நின்னிருப்பான். வெரலு போயிருக்கும். அதுக்கப்புறம்தான் அணைக்க ஆரம்பிச்சிருப்பான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். செல்போன் கடைக்காரன் மெதுவாக மார்பில் தட்டி, அவன் அம்மா அழும் ராகத்தில் ஆரம்பித்தான். "நாலு மணி சங்குக்கு எழுந்தவனே, எங்க ராசாவே..."

"சங்கு அஞ்சரைக்கு" என்றார் அப்பா. "நாலு மணிக்கு எவன் ஊதுவான்? அவனேதான் எழுந்துக்கணும்."

"தானாவே எழுந்தவனே, எங்க ராசாவே" என்று அவன் திருத்திக்கொண்டு அழுதான். லேப் நண்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் மீசையும் லேசாக அசைந்தது. தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. பாயிலிருந்து பகடையை எடுத்தாள்.

"ண்ணா, இது செல்லாது. நான் மறுபடியும் உருட்டறேன்."

"இருபது வுழுந்தாச்சும்மா."

"செல்லாதுன்னா செல்லாது" என்றாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "அவள இன்னிக்கு இங்கயே தங்கிட்டு, காலைல போவச் சொல்லு."

அவளும் தங்கினாள். எட்டரை மணிக்கு அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் அவளே ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி, இருட்டில் தடவித் தடவிப் போய், அவர் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.