முதல் கிளாஸ் கீழே போகும்

லான்மடா பேட்டையில் நாலாவது மாடியில் குடியிருக்கும் என் மனைவியின் அண்ணன், வீட்டிலேயே பீர் தயாரித்துச் சின்ன எஃகுப் பீப்பாயில் அடைத்து வைப்பார். கரண்ட்டை நம்பிப் பிரிட்ஜில் வைக்க முடியாது. கீழே தெருவோரம் கடை போட்டிருக்கும் ஐஸ்காரர், பால்கனியிலிருந்து கயிற்றில் தொங்கும் வாளியில் ஐஸைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே மணி அடிக்கும். மச்சான் ஐஸ் வாளியைக் கயிற்றோடு மேலே இழுத்து, தொட்டியில் நிற்கும் பீப்பாயைச் சுற்றிக் கொட்டுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐஸைக் கொட்டியதுமே நான் பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டேன். கிளாஸ் முழுக்க வெறும் நுரை.

"உள்ளே வரைக்கும் குளிரட்டும் மாப்ளே. சூடா இருந்தா நுரைதான் வரும்."

கடுகடுவென்று உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவரே திறந்தார். பொன்னிறமாக, மேலே ஒரு விரற்கடை நுரையோடு கிளாஸ் நிறைந்தது. ஆசையாகக் கையை நீட்டினேன். அவரோ அதை வாளிக்குள் வைத்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தெருவுக்கு இறக்கினார்.

"ஐஸ் குடுத்தவருக்குத்தான் முதல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கிளாஸ் என் கைக்கு வந்தது. ஒரு வாய் குடித்தேன். அப்படியொரு பீரை நான் எந்தக் கடையிலும் குடித்ததில்லை.

மணி மறுபடி அடித்தது. ஐஸ்காரர் இன்னொன்று கேட்டார். இந்தத் தடவை வாளியை நானே இறக்கினேன்.