மிசியின் தராசு

வளைகுடாவில் நான் வேலை செய்யும் ரோலாவின் மளிகைக்கடை ஒன்றில் வெங்காயப் பை கொக்கித் தராசில் தொங்கி ஆடியது. எனக்கு மிசியின் ஞாபகம் வந்தது. மிசி எங்கள் ஊர் மருத்துவமாது. யுத்தத்திலும் சைக்கிளில் வீடு வீடாக வந்து குழந்தைகளை நிறுப்பார்.

என் சிறுவயதில் ஒருநாள் அவர் வந்த நேரம் மேலே ஹெலிகொப்டர் சுடத் தொடங்கியது. கைக்குழந்தையான தங்கச்சியோடு எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். அந்த ஈரமண் வாசத்துக்குள் மிசி கூரையைத் தாங்கிய பனங்குற்றியில் தராசைக் கட்டினார்.

“இப்ப என்னத்துக்கு மிசி?” அம்மா அழுதார்.

“ஹெலி சுடுதெண்டு பிள்ளை வளராமல் நிக்குமே? சீலையைத் தாங்கோ, நிறுப்பம்.”

அம்மாவின் சீலைக்குள் தொங்கி ஆடிய தங்கச்சி சிரித்தாள்.

ஊரில் இப்போதும் யுத்தம்தான். நான் இன்னும் பார்க்காத என் மகளை நேற்று மிசி நிறுத்தாராம். ஐந்து கிலோ என்று மனைவி போனில் சொன்னாள்.

கடைக்காரரிடம் ஐந்து கிலோ அரிசி கேட்டேன். தோளில் போடாமல், நெஞ்சோடு அணைத்தபடி ரூமுக்கு நடந்தேன்.