கண்மாய் வற்றிய ஆண்டின் தீர்ப்பு

சட்டம் இயற்றுவோரும், அதனை நடத்துவோரும், நீதி வழங்குவோரும் வெவ்வேறானவராக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை மேலைநாட்டு அறிஞரிடம் தோன்றியதாக நூலகத்தில் படித்தறிந்தேன். என்னளவில் அது குளத்தூர் வட்டத்தில், எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிய ஓர் ஆண்டில் தோன்றியது.

என் தந்தையார் ஊர் அம்பலம், ஊர்த்தலைமை அவருடையது. அவ்வாண்டு நீர் குறைந்தமையால், வயல்களுக்கு முறைவைத்து நீர் விடச் செய்து, முறை தவறிப் பாய்ச்சுபவர் எஞ்சிய முறைகள் அனைத்தையும் இழப்பார் என்று விதி செய்தார். காவலுக்கு வைக்கும் ஆள் உறவு பார்ப்பான் என்றெண்ணி, வாய்க்காலைத் தாமே சுற்றி வந்தார். நேர்மையில் அவருக்கு அத்துணைப் பிடிவாதம்.

ஒரு காலையில், வேறொருவர் முறையின்போது, என் தாய்மாமன் வயலில் நீர் நிற்கக் கண்டார். மாலையே கோயில் முன்பு ஊர் கூடியது. தீர்ப்புக் கூற அமர்ந்தவரும் அவரே.

மாமா தாம் வரப்பை வெட்டவில்லை என்றார். கூட்டத்தில் ஒருவர், "தண்ணி தன்னால நடந்து வந்து மச்சினன் வயல்ல உக்காந்துருச்சாக்கும்" என்றார். சிலர் சிரித்தனர்.

உண்மையில் அந்த வரப்பை உடைத்தவள் நான். முந்தைய நாள் நண்டுக்காக அதிலிருந்த வளையைக் குச்சியால் தோண்டிவிட்டு, அடைக்காமல் ஓடி வந்திருந்தேன். அம்மாவின் சேலையைப் பற்றி நின்ற நான், யாரேனும் பார்த்ததுண்டா என்று கேட்டால் சொல்லிவிடுவதென உறுதி கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

"எங் கண்ணால பார்த்தேன். இதுக்கு மேல சாட்சி எதுக்கு?" என்றார் தந்தையார்.

மாமா, "சட்டம் போட்டதும் நீங்க, புடிச்சதும் நீங்க, தீர்ப்புச் சொல்றதும் நீங்க. அப்ப நான் யாருகிட்ட மச்சான் போய்ச் சொல்றது?" என்றார்.

மாமாவின் எஞ்சிய முறைகள் பறிக்கப்பட்டன. மைத்துனனையே தண்டித்த நடுநிலைமையை ஊர் நெடுநாள் வியந்து பேசியது. மாமாவின் பயிரோ கதிர் வாங்குமுன் கருகியது. தை பிறப்பதற்குள் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அம்மா மறைந்தபோதுகூட நேரே சுடுகாட்டுக்கு வந்து, அங்கிருந்தே திரும்பிவிட்டார். நண்டு வளையைப் பற்றி நான் எவரிடமும் கூறவில்லை.

தீர்ப்பு முடிந்த அன்று தந்தையார் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். எல்லாமே இவர் ஒருவரென்றால் பிழை நேர வழியேது என்று பெருமிதத்தோடு அமர்ந்திருந்தேன். அம்மா மட்டும் எங்களுடன் சேராமல், வெகுதூரம் பின்தங்கித் தனியே நடந்து வந்தார். கால் வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.