பூச்சி மருந்து வாங்காத தோட்டம்

எந்த வருடமும் பொய்க்காமல் விளைகிற பயிர் ஒன்று உண்டென்றால் அது விவசாயியின் சாக்குப்போக்குதான். மழை பெய்யாவிட்டால் ஒன்று, பெய்தால் ஒன்று என்று எங்கள் மடியில் எப்போதும் நாலைந்து கட்டி வைத்திருப்போம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கரை வைத்துக்கொண்டு அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நான் அடித்த கூத்தெல்லாம் அப்படியொரு சாக்கைக் காப்பாற்றத்தான். ஊரே உர மூட்டையும் பூச்சி மருந்தும் வாங்கிக்கொண்டிருந்தபோது என் தோட்டத்துக்கு ஆட்டுக்கிடையும் மாட்டுக் குப்பையும் அடுப்புச் சாம்பலும் வேப்பம் புண்ணாக்கும்தான். உரத்துக்குக் கையில் காசில்லை, அது உண்மை. மருந்து வாங்காததற்குக் காரணம் வேறு. என்னைப் போலவே மண்ணில் கை வைத்துக் கெட்டவர்கள் நீங்கள், உங்களிடம் சொல்வதற்கென்ன?

மூடி

எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. ஓர் ஐப்பசியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. பெரியவள் வியாழக்கிழமை போனாள், சின்னவள் சனிக்கிழமை. என் மனைவி சவரியம்மா அழவில்லை. சின்னவளைப் புதைத்துவிட்டு வந்த கையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. இத்தனை வருடம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தை மாதம் கத்தரியில் புழு விழுந்தது. எல்லோரும் வாங்குகிறார்களே என்று நானும் முதன்முதலாக ஒரு பாட்டில் மருந்து வாங்கிவந்து கூரை எரவாணத்தில் செருகினேன். மறுநாள் காலை கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருக்கும்போது வடக்கயிறு அறுந்துவிட்டது. வேறு கயிறு எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தேன். மாட்டுக் கொட்டகையில் சவரியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பாட்டில். பக்கத்தில் குழந்தைகளின் பாவாடை இரண்டும் மடித்து வைத்திருந்தது. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, ஏதோ வீட்டுச் சமாசாரம் சொல்கிற மாதிரி சொன்னாள்: "மூடி தொறக்க வரலீங்க."

சந்தையில் ஒரு பங்கு

பாட்டிலை அன்றைக்கே ஏரிப் புறம்போக்கில் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்தேன். இனி அந்தச் சனியன் என் வேலிக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் ஊர் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும் என்று பயம்.

அதற்கப்புறம் என் வைத்தியமெல்லாம் விடியற்காலைப் பனி காய்வதற்குள் இலைமேல் சாம்பல் தூவுவதும், புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிப்பதும்தான். இதையெல்லாம் செய்தால் பாதிக் காய் தப்பும். தப்பிய பாதியிலும் பாதிக்குள் ஆள் குடியிருக்கும். காரிமங்கலம் சந்தையில் மற்றவர்கள் கத்தரி எண்ணெய் தடவின மாதிரி மின்னும். என் கத்தரி அம்மை வார்த்த முகத்தோடு சாக்கில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் வாராவாரம் வந்து, ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் அரைக் கிலோ மனசில்லாமல் வாங்குவார். ஒருநாள் பொறுமை போய்விட்டது அவருக்கு. "ஏனுங்க, இதுல எனக்கு எது, புழுவுக்கு எதுன்னு நீங்களே பிரிச்சுக் குடுத்துடுங்களேன்."

இல்லாத கட்டளை

விவசாயம் சொல்லித்தர அரசாங்கம் அனுப்பிய கிராம சேவக் ஒருவர் சைக்கிளில் வருவார். நல்ல மனிதர். இலவசமாகவே ஒரு பாட்டில் தருகிறேன், கால் ஏக்கருக்கு அடித்துக் காட்டுங்கள் என்று விடாமல் கேட்டார். என் கையிருப்பிலிருந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோன ஒருநாள், "எங்க வேதத்துல அதுக்கு அனுமதி இல்லீங்க" என்று சொல்லிவைத்தேன். இந்துக்காரர், விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் நேரே சைக்கிளை மிதித்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய் எங்கள் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் என்னை நிறுத்தினார். பத்துக் கட்டளையில் இது எத்தனையாவது என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் அவரைத் தனியே புளியமரத்தடிக்கு அழைத்துப்போய், கொட்டகை, பாவாடை, மூடி எல்லாம் சொன்னேன். அன்றுவரை அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் சிரித்துக்கொண்டு நின்றவர்களைக் கையசைத்து வீட்டுக்கு அனுப்பினார். பிறகு, "அந்த சேவக் திரும்ப வந்தா, அப்படி ஒரு கட்டளை இருக்குதுன்னு நானே சொல்லிடறேன் சூசை" என்றார்.

சாமிக்குக் கறி

அறுப்பு முடிந்ததும் எங்கள் கோயிலில் முதற்பலன் ஏலம் நடக்கும். அவரவர் தோட்டத்தில் விளைந்ததில் உயர்ந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். பூசைக்குப் பிறகு வாசலில் ஏலம். ஒருவர் பூசணியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொருவர் வாழைத்தார் ஆள் உயரம் இருக்கும். நான் ஒரு கூடைக் கத்தரிக்காய் வைத்திருந்தேன். சவரியம்மா இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கியெடுத்தது. ஏலம் விடுகிறவர் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து உயர்த்திப் பிடித்தார். எத்தனை பொறுக்கினாலும் தப்பிவிடுமே ஒன்று, அதுதான் அவர் கையில் அகப்பட்டது. ஓட்டையிலிருந்து புழு தலையை நீட்டி ஊரைப் பார்த்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் சவரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போது பின்னாலிருந்து மாதப்பன் கை தூக்கினான். எங்கள் நிலத்துக்கு அடுத்த காட்டுக்காரன், என்னைவிட ஆறேழு வயது இளையவன். எங்கள் வேதம் இல்லை, ஆனால் எங்கள் ஏலத்துக்கு வராமல் இருக்கமாட்டான். அந்தக் கூடையை யாரும் கேட்காத விலைக்குக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "எல்லாரும் சாமிக்குக் காயி மட்டுந்தான் கொண்டாந்தீங்க, எங்கண்ணன் கறியும் சேத்துக் கொண்டாந்திருக்காருங்க."

கம்பளிப்புழு

கோடையில் முதல் மழை விழுந்து நிலக்கடலை முளைத்தால் கம்பளிப்புழு பின்னாலேயே வரும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு காட்டை மொட்டையடித்துவிட்டு மந்தையாக அடுத்த காட்டுக்கு நடக்கும். வரப்போரம் பள்ளம் வெட்டி, விழுந்ததை மூடி, மீதியைக் கையால் பொறுக்க வேண்டும். அதற்கு ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டேன். மண்பானையும் விளக்குமாற்றுக் குச்சியுமாக வரிசையில் நின்று பொறுக்கினார்கள். புழுவின் மயிர் பட்டுக் கையெல்லாம் தடித்துப்போகும். மதியம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் என் செலவு.

மூன்றே நாளில் புழு அடங்கிவிட்டது. நான் ஆறாம் நாளும் வரச்சொன்னேன். அவர்கள் நடுவில் சவரியம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டே எதற்கோ சிரித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். குழந்தைகள் போன பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. ஏழாம் நாளும் வாருங்கள் என்றபோது அந்தக் கூட்டத்தில் வாயாடியான ஒருத்தி பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு புழு இல்லை. "புழுவு பொறுக்கக் கூப்பிடறீங்களா, அக்காவுக்குப் பேச்சுத் தொணைக்குக் கூப்பிடறீங்களா? எதுன்னாலும் சொல்லிடுங்க, நாங்க வர்றோம்."

முழங்கை வரை

மாதப்பன் மருந்து கலக்கும் அழகைப் பார்க்கவேண்டும். வாளியில் தண்ணீரை ஊற்றி, மருந்தை விட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை உள்ளே விட்டுக் கலக்குவான். துண்டில் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து களி தின்பான். குச்சி வைத்துக் கலக்கப்பா என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் என்னைத் திருப்பிக் கேட்டான், ஏண்ணா நீங்க மட்டும் வாங்கமாட்டேங்கறீங்க என்று. சிரிக்காமல்தான் கேட்டான். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சாமியாரிடம் சொன்னவன் இவனிடம் சொல்லியிருக்கலாம். "காயோட புழுவும் சேர்ந்தாத்தான் எடை நிக்குது" என்று ஒரு நக்கலைப் போட்டுத் தப்பித்தேன். அவனும் சிரித்துவிட்டுத் திரும்ப வாளிக்குள் கையை விட்டான். நான் குச்சியை எடுத்து நீட்டினேன். "கையில கலக்கினாத்தாண்ணா பதம் தெரியும். களி கிண்டற ஊர்ல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

பாட்டில் வந்தது, போனது

எழுபதுகளின் நடுவில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை இல்லை. கிணற்றில் ஒரு மணி நேரத் தண்ணீர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரை ஏக்கர் அவரையை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தேன். அது பூவெடுக்கும் நேரத்தில் செடிப்பேன் அப்பிக்கொண்டது. சாம்பலுக்கும் கேட்கவில்லை, புண்ணாக்குக்கும் கேட்கவில்லை. அது போனால் எங்களுக்கு அந்த வருடச் சோறு இல்லை. மாட்டுக்கு வைக்கோல் தேடி நான் நல்லம்பள்ளிப் பக்கம் போயிருந்த நாளில் மாதப்பன் என் அவரையைப் பார்த்திருக்கிறான். மனசு கேட்கவில்லை அவனுக்கு. தன்னிடமிருந்த புது பாட்டில் ஒன்றை எடுத்துப்போய், "அண்ணன் வந்தா குடுத்துடுங்க அண்ணி" என்று சவரியம்மா கையில் கொடுத்துவிட்டு, அவசரமாகப் பாலக்கோட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

பஸ் நிறுத்தத்திலேயே எனக்கு எதிரே வந்து இதைச் சொன்னான். வைக்கோல் கட்டை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. வீட்டில் சவரியம்மா அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பாட்டில் எங்கே என்று கத்தினேன். அப்போதே கொண்டுபோய் மாதப்பன் பெண்டாட்டி முனியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. துடுப்பைப் பானையிலேயே விட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்குப் பயந்துட்டு இத்தன வருசமா சாம்பல் தூவறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அவர போனாப் போவுது, கால் அலம்பிட்டு வந்து சாப்பிடுங்க."

வயிற்றுவலி

அவரை போயேவிட்டது. ஆனால் அந்த வருடம் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பதினோரு வருடத்துக் காவல் முடிந்த மாதிரி இருந்தது. பக்கத்துக் காட்டில் மாதப்பன் மெலிந்துகொண்டே போனதை நான் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டேன். தலை சுற்றுகிறது, வயிற்றைப் பிசைகிறது என்பான். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்வந்தான். எந்த மாத்திரையும் கேட்கவில்லை. வலி வந்தால் வரப்பில் சுருண்டு படுத்துக்கொள்வான், போனால் எழுந்து என்னைக் கிண்டல் செய்வான். மாசியில் ஒரு மத்தியானம் முனியம்மாவின் அலறல் எங்கள் கிணற்றடி வரை கேட்டது. சவரியம்மாவும் நானும் வேலியைத் தாண்டி ஓடினோம். அவன் வீட்டு மாடத்துக்குக் கீழே அந்தப் பாட்டில் மூடி திறந்து காலியாகக் கிடந்தது. நாங்கள் திருப்பிக் கொடுத்ததேதான். மாட்டுவண்டியில் போட்டு ரோட்டுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய்விட்டு வந்த பிறகு முனியம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டில் ஏன் அது கூடாது என்று, அது கையிலிருந்தால் என்ன ஆகும் என்று, சாமியாருக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். சவரியம்மா பக்கத்திலேயே இருந்தாள், தடுக்கவில்லை. முனியம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "இத்தன தெரிஞ்சிருந்தும், திருப்பிக் குடுக்கறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணா?"

இப்போதும் சந்தையில் யாராவது காயைப் பிட்டுப் பார்த்து ஏன் மருந்தடிப்பதில்லை என்று கேட்டால் புழு இல்லாவிட்டால் எடை நிற்காது என்றுதான் வாய் தானாகச் சொல்கிறது, ஏனென்றால் என் தோட்டத்தில் பூச்சி அரிக்காமல் கடைசிவரை முழுசாக விளைந்தது அந்தச் சாக்கு ஒன்றுதான்.